நான்காவது வரிசைப் பற்கள்

கோடிக்கணக்கான வருடங்கள் கல்லுக்குள் கிடந்த ஒரு பொருள் இன்னும் ஒரு வாரம் கிடந்தால் என்ன ஆகிவிடும் என்ற எண்ணத்தோடுதான் பலர் இந்த வேலைக்கு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். கல்லுக்கு அவசரம் இல்லை என்பது உண்மைதான். அவசரமெல்லாம் கல்லைச் சுற்றி நிற்கும் மனிதர்களுக்கு. அவர்களில் நாமும் அடக்கம்.

புதைபடிவத்தைச் சுத்தம் செய்வது, ஒட்டுவது, அளப்பது இதெல்லாம் மேசையில் உட்கார்ந்தால் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இதில் சரியான முடிவை எடுத்தது நான் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் முப்பது வருட வேலையில் நான் பார்த்த எல்லாவற்றிலும் இதைத்தான் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

அப்போது அடையாறில் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய அருங்காட்சியகத்தில் புதைபடிவப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. பிரிவு என்றால் ஒரு நீளமான அறை, இரும்பு அலமாரிகள், நான், நஸீமா. நஸீமா மீர்சாகிப்பேட்டைப் பெண். அவள் அப்பாவுக்கு ஜாம்பஜார் பக்கத்தில் தையல் மெஷின் பழுதுபார்க்கும் கடை. வீட்டில் உருது, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கிடையாது, மௌனம்தான். தற்காலிகப் பணியில் இருந்தாள். அந்த வருட முடிவோடு அவள் வேலை முடிந்துவிடும். அதற்குள் பெயர் சொல்லும்படி ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தால் அடுத்த இடம் கிடைக்கும், இல்லையென்றால் கஷ்டம். இது எங்கள் இருவருக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை.

அவள் கையில் இருந்தது ஒரு பிக்னோடான்ட் மீனின் கீழ்த்தாடை. உங்களில் சிப்பி, தாவரப் புதைபடிவம் பார்ப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். வஞ்சிரம், சங்கரா, வவ்வால் என்று நாம் சந்தையில் பார்க்கும் மீன்களில் பெரும்பாலானவற்றுக்குத் துடுப்பு விசிறி போல விரியும். மெல்லிய கம்பிகளை வைத்துத் தோலை இழுத்துக் கட்டிய மாதிரி இருக்கும். அந்தப் பெருங்கூட்டத்தில் அழிந்துபோன ஒரு குடும்பம்தான் பிக்னோடான்ட். உடம்பு வவ்வால் மீன் போல வட்டமாக, தட்டையாக இருக்கும். வாய் மட்டும் வேறு. உள்ளே கூரான பல்லுக்குப் பதில் மொச்சைக்கொட்டையைப் பதித்த மாதிரி வழவழப்பான பற்கள் வரிசை வரிசையாக இருக்கும். சிப்பி, நத்தை, நண்டு எல்லாவற்றையும் ஓட்டோடு நொறுக்கித் தின்ற வாய் அது. டைனோசர்கள் போன பிறகும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு, வாரிசு இல்லாமல் போய்ச் சேர்ந்தன.

உடம்பு எங்கேயும் முழுசாகச் சுலபத்தில் கிடைக்காது. தாடையும் பல்லும்தான் மிஞ்சும். அதனால் பல்லை வைத்துத்தான் இனம் பிரிப்போம். எத்தனை வரிசை, எந்த வரிசையில் பல் பெரியது, எப்படிச் சாய்ந்திருக்கிறது, எல்லாம் கணக்கு. அரியலூர் வட்டாரத்திலிருந்து அதுவரை வந்த தாடைகளில் மூன்று வரிசைதான் பார்த்திருந்தோம். நஸீமாவின் மேசையில் இருந்ததில் நான்கு.

அந்தத் தாடையைக் கொடுத்தவர் டாக்டர் பெர்னார்ட். மயிலாப்பூரில் லஸ் பக்கம் நாற்பது வருடம் பல் மருத்துவமனை வைத்திருந்தவர், பல் மருத்துவக் கல்லூரியில் பாடமும் எடுத்தவர். சாந்தோமில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் குடும்பம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பல் முகாம் நடத்தப் போனபோது யாரோ கொண்டுவந்து காட்டிய கல் அது. பல்லைப் பார்த்ததும் அவருக்கு விட மனசு வரவில்லை. மருத்துவமனையை மூடும்போது தன் கல் சேகரிப்பு முழுவதையும் எங்களிடம் கொடுத்துவிட்டார். எல்லாக் கல்லுக்கும் பளபளவென்று வார்னிஷ் பூசி வைத்திருந்தார். அது பழசாகி மஞ்சள் பூத்து, எதன் உண்மையான நிறமும் வெளியே தெரியாது.

புதிய இனத்துக்கு அவர் பெயரை வைப்பது என்று நஸீமாதான் முடிவு செய்தாள். டாக்டரிடம் போனில் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். அப்புறம், "ரொம்ப சந்தோஷம்மா" என்றாராம். எண்பது வயதில் ஒருவருக்கு நெகிழ்ந்துபோவது சகஜம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் இயக்குநருக்கு விஷயம் போனதும் வேகம் பிடித்தது. டாக்டரின் எண்பதாவது பிறந்தநாளை ஒட்டி அவருடைய பழைய மாணவர்களும் பங்குக் கோயில்காரர்களும் சனிக்கிழமை மயிலாப்பூரில் ஒரு சின்ன மண்டபத்தில் பாராட்டுக்கூட்டம் வைத்திருந்தார்கள். அங்கேயே புதிய இனத்தின் பெயரை அறிவித்துவிடலாம் என்று இயக்குநர் ஏற்பாடு செய்தார். கட்டுரை ஓர் ஆய்விதழில் ஏறக்குறைய ஏற்கப்பட்ட நிலையில் இருந்தது. மதிப்பீடு செய்தவர்களில் ஒருவர் மட்டும், நான்காவது வரிசை எலும்போடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதற்கு உட்புறப் படம் வேண்டும் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்கு முப்பரிமாண எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

எங்களிடம் அந்த வசதி கிடையாது. உள்ளங்கை அளவுத் தாடைக்குப் பல் ஸ்கேன் எடுக்கும் மெஷினே போதும். லஸ்ஸில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரம்மாவின் ஸ்கேன் சென்டர் இருந்தது. கூட்டம் குறைவாக இருக்கும் மதிய நேரத்தில் வரச் சொன்னார். அது புதன்கிழமை. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துத் தெருவையே திருப்பிவிட்டிருந்ததால் ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போனது. நஸீமா தாடை இருந்த டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் எடுப்பவர் நடுவயதுக்காரர். டப்பாவைத் திறந்ததும் எட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது, கல்லா?"

"மீனோட தாடைங்க. கல்லாயிடுச்சு."

"மீனா? நாங்க மனுசன் பல்லு மட்டும்தான் எடுத்துக்கினு கீறோம். சரி, டாக்டரம்மா சொல்லிட்டாங்க, எடுத்துரலாம். பேஷண்ட் பேரு, வயசு ரெண்டும் போட்டாத்தான் மெஷின் ஓடும். இன்னா போடறது?"

நஸீமா சிரித்தாள். "பேரு சனிக்கிழமைதான் அண்ணா வைக்கிறோம். வயசு ஏழு கோடி."

அவர் சிரிக்கவில்லை. விசைப்பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தொம்பதுக்கு மேல ஏற மாட்டேங்குது. அதையே போட்டுக்கறேன்" என்றார்.

ஆட்கள் மோவாயை வைக்கும் இடத்தில் தெர்மோகோல் துண்டு வைத்து அதன்மேல் தாடையை நிறுத்தினோம். மெஷின் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. வெளியே வீங்கிய கன்னத்தோடு ஒரு பெண்மணி பொறுமையில்லாமல் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் படம் வந்தது. நல்ல படம். கல் சாம்பல் நிறமாகவும் பற்கள் வெள்ளையாகவும் தெளிவாக விழுந்திருந்தன. நஸீமா திரையில் விரல் வைத்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதுக்கு விரலை நகர்த்தியவள் அங்கேயே நிறுத்திவிட்டாள். விரலுக்கு அடியில் ஒன்றும் இல்லை, கருப்பு. பின்பக்க மூலையில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. உடைந்த எலும்பு விளிம்பு என்று நினைத்தோம். மற்றபடி, கண்ணால் பார்த்தால் பளிச்சென்று தெரிகிற ஒரு முழு வரிசை படத்தில் விழவே இல்லை.

"அண்ணா, இன்னொரு தடவை எடுங்க."

"மெஷின்ல கோளாறு ஒண்ணும் இல்லைம்மா."

"எடுங்க அண்ணா."

இரண்டாவது படமும் அப்படியே இருந்தது. அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பெண்மணியை உள்ளே கூப்பிட்டார்.

வெளியே வந்து ஒரு கடை வாசலில் நின்றோம். நஸீமா டப்பாவைத் திறந்து தாடையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான்கு வரிசையும் ஒரே நிறம், ஒரே மினுமினுப்பு. வார்னிஷ்.

"மேடம், எக்ஸ்ரேல விழாத பல்லு எது?"

"உனக்கே தெரியும்."

"அக்ரிலிக். பல் செட் செய்யற பிளாஸ்டிக்." கொஞ்சம் பொறுத்து, "அவர் மீனுக்குப் பல்லு கட்டியிருக்கார் மேடம்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. அதற்கப்புறம் அடையாறு போய்ச் சேரும்வரை வாயே திறக்கவில்லை. அது என்ன என்று எனக்குத் தெரியும்.

இயக்குநர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அவரை வில்லனாக்கிவிடுகிறார்கள், அதனால் சொல்கிறேன். அந்த அருங்காட்சியகத்தை மூடாமல் நடத்துவதற்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். படத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் பொய் சொல்லச் சொல்லல மேடம். சனிக்கிழமை கூட்டம் நடக்கட்டும். அவருக்கு எம்பது வயசு. மேடையில ஏத்தி வச்சுட்டு இறக்க முடியாது. திங்கக்கிழமை கட்டுரையை நிறுத்திக்கலாம். இது முதல்கட்ட முடிவுதான், மேல ஆராய்ச்சி நடக்குதுன்னு சொல்லிக்கலாம். யாருக்கும் காயம் படாது."

நஸீமா அப்போதுதான் பேசினாள். "சார், தெரியாம சொன்னா அது தப்பு, திருத்திக்கலாம். திங்கக்கிழமை திருத்தணும்னு தெரிஞ்சுக்கிட்டே சனிக்கிழமை சொன்னா அதுக்கு வேற பேரு."

அவர் என்னைப் பார்த்தார். இந்த மாதிரி நேரங்களில் உங்களையும் யாராவது இப்படிப் பார்ப்பார்கள். எல்லாருக்கும் உடனே ஒரு பதில் வேண்டும். நான் அன்று சொன்னது ஒன்றுதான்: முதலில் டாக்டருக்குத் தெரிய வேண்டும். கூட்டத்தை என்ன செய்வது, கட்டுரையை என்ன செய்வது என்பதெல்லாம் அப்புறம். யாருடைய பெயர் இதில் அடிபடப் போகிறதோ அவர் மேடையிலோ, யாரோ அனுப்பும் வாட்ஸாப்பிலோ இதைத் தெரிந்துகொள்ளக் கூடாது. நாம் நேரில் சொல்லித்தான் தெரிய வேண்டும். இயக்குநர் ஒப்புக்கொண்டார். தான் வரவில்லை என்றார்.

அன்று சாயங்காலமே சாந்தோம் போனோம். கதவைத் திறந்தது டாக்டரின் மனைவி. "வாங்க மேடம், வாம்மா நஸீமா. உள்ளதான் இருக்காரு. கொஞ்ச நாளாவே சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல" என்றபடி மின்விசிறியைப் போட்டார். டாக்டர் ஜன்னல் ஓரம் நாற்காலியில் இருந்தார். எழுந்திருக்கப் பார்த்து, பாதியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க. எக்ஸ்ரே எடுத்துட்டீங்களா?"

நாங்கள் இன்னும் உட்காரவே இல்லை. ஸ்கேன் எடுப்பது பற்றி யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"எடுத்தோம் டாக்டர்" என்றாள் நஸீமா.

"விழுந்திருக்காதே."

"விழல."

அவர் தலையாட்டினார். தன் கேஸைத் தானே படித்துக் காட்டுவது போல நிதானமாகச் சொன்னார். "வெளிப்பக்கம் உடைஞ்சிருந்துது. சுத்தியல் பட்டிருக்கும். பல்லு இருந்து போன இடம் மாதிரி இருந்துது. கிளினிக்ல என் மேசை மேலயே இருக்கும். தினமும் அந்த ஓட்டை வாயைப் பார்த்துக்கிட்டே எப்படி உக்கார்றது? பேஷண்ட் இல்லாத நேரத்துல ஒவ்வொண்ணா செதுக்கிக் கட்டினேன். நிறம் சேர்க்கத்தான் ரொம்ப நாள் ஆச்சு. யாரையும் ஏமாத்தணும்னு செய்யல மேடம். அப்போ பார்க்க யாரு இருந்தா?"

"எங்ககிட்ட குடுத்தப்போ சொல்லியிருக்கலாமே டாக்டர்" என்றேன்.

"மறந்தே போச்சு. நிஜமா. எத்தனையோ கல்லு, அதுல ஒண்ணு." நஸீமா பக்கம் திரும்பினார். "நீ போன்ல நாலு வரிசைன்னு சொன்னியேம்மா, அப்பதான் ஞாபகம் வந்துது. சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள உங்க பேரு வைக்கப் போறோம்னு சொல்லிட்ட. ரெண்டுக்கும் நடுவுல ஒரு நிமிஷம் இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

"அதுக்கப்புறம் நிறைய நிமிஷம் இருந்துச்சு" என்றார் அவர் மனைவி. காபி டம்ளர்களைக் கீழே வைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"இருந்துச்சு" என்றார் டாக்டர். "ஒத்துக்கறேன்."

நஸீமா காபியைத் தொடவில்லை. "இது வெளிய வந்து, அப்புறம் யாராவது கண்டுபிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா டாக்டர்? உங்களை யாரும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. வயசானவர், ஆசையா செஞ்சார்னு விட்டுடுவாங்க. என்னைத்தான் சொல்லுவாங்க. பொய்ப்பல்லை வச்சுப் பேப்பர் போட்டவள்னு. எனக்கு இதுக்கு மேலதான் வேலையே ஆரம்பிக்கணும்."

கடல் பக்கம் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது எனக்குத் தோணல" என்றார். "என் பேரைப் பத்தியே நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன். உன் பேரும் அதுல இருக்குன்னு தோணல."

கூட்டத்தை ரத்து செய்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம், நடக்கட்டும், நானே பேசிக்கொள்கிறேன் என்றார். இத்தனை நாள் மறைத்தவரை நம்பி மைக்கைக் கொடுப்பதா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் அந்த மூன்று வார்த்தையைச் சொன்ன விதத்தைப் பார்த்தேன். "அது எனக்குத் தோணல." தப்பித்துக்கொள்ள நினைப்பவர் அப்படிச் சொல்ல மாட்டார். தெருவுக்கு வந்து இயக்குநருக்குப் போன் செய்தேன். பெயர் அறிவிப்பை மட்டும் நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிடுங்கள், மற்றது அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பழைய மாணவர்கள், பங்கு மக்கள், ஒரு காலத்தில் அவரிடம் பல் பிடுங்கிக்கொண்டவர்கள். பொன்னாடை, மாலை எல்லாம் முடிந்து டாக்டர் எழுந்தார். சுற்றி வளைக்கவில்லை. தனக்கு ஒரு மீன் பேஷண்டாக இருந்த கதையைச் சொன்னார். அதற்குப் பல் கட்டியதைச் சொன்னார். அந்தப் பேஷண்ட் மட்டும்தான் பல் செட் சரியில்லை என்று குறை சொல்லித் திரும்பி வரவே இல்லை என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"பல்லு கட்டினது தப்பில்ல. இதை வச்சு ஒரு பொண்ணு பல மாசம் உழைச்சு, எனக்குப் பெருமை சேர்க்கணும்னு வந்து நின்னப்போ நான் வாயைத் திறக்கல. ஆயுசு பூரா அடுத்தவங்களை வாயைத் திறங்க, வாயைத் திறங்கன்னு சொன்னவன் நான். அந்தப் பொண்ணு இங்க இருக்கா. அவதான் கண்டுபிடிச்சா. எந்திரிம்மா."

கைதட்டினார்கள். நஸீமா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை, மற்றவர்களைப் போலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளும் சேர்ந்து யாரையோ தேடுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கஷ்டமான பகுதி திங்கட்கிழமைதான் வந்தது.

பொய்ப்பற்களை எடுக்க வேண்டும். எதை வைத்து ஒட்டினார் என்பது அவருக்குத்தான் தெரியும் என்பதால் டாக்டரை வரச் சொன்னோம். பற்களுக்கு அடியில் மெழுகு வைத்திருக்கிறேன், லேசாகச் சூடு காட்டினால் கழன்றுவிடும் என்றார். கழற்ற முடியாத எதையும் தான் யார் வாயிலும் வைத்ததில்லை என்று சொல்லிக்கொண்டார். அவர் கை நடுங்கியது. அதனால் அவர் சொல்லச் சொல்ல நஸீமா செய்தாள். முதலில் வார்னிஷைத் துடைத்தாள். பிறகு ஒவ்வொரு பல்லாகச் சூடு காட்டி, மரக் குச்சியால் நெம்பி எடுத்து ஒரு பஞ்சுத் துண்டில் வைத்தாள். சொல்ல வேண்டும், அபாரமான வேலை. கையில் எடுத்துப் பார்த்தாலும் சட்டென்று பிடிபடாது.

பின்பக்க மூலைப் பல்லுக்கு வந்ததும் டாக்டர் அவள் கையைத் தடுத்தார்.

"மெதுவா. இதுக்கு அடியில ஒண்ணு இருக்கு."

பொய்ப்பல் கழன்றது. அடியில் பாதி உடைந்த ஒரு பல் இருந்தது. அசல் பல். உச்சி தேய்ந்து, பக்கவாட்டில் எலும்போடு ஒன்றிப் போயிருந்தது. ஸ்கேனில் நாங்கள் எலும்பு விளிம்பு என்று நினைத்த அந்த வெள்ளைத் திட்டு.

"நான் சும்மா கட்டலம்மா" என்றார் டாக்டர். "இந்த ஒண்ணு இருந்துது. அதைப் பார்த்துத்தான் மத்ததைக் கட்டினேன்."

இயக்குநரைக் கூப்பிட்டேன். குனிந்து லென்ஸில் பார்த்தவர் நிமிர்ந்தபோது முகமே மாறியிருந்தது. "அப்போ நாலாவது வரிசை இருந்திருக்கு. பல்லு பொய்யா இருக்கலாம், வரிசை நிஜம்தானே. நஸீமா, கட்டுரையைத் திருப்பி வாங்க வேண்டாம். பொய்ப்பல்லு எடுத்தாச்சு, அசல் பல் ஒண்ணு இருக்குன்னு வெளிப்படையா எழுது. பேரு நிக்கும்."

இதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். புதன்கிழமை அவர் கேட்டது வேறு, இன்று சொல்வது வேறு. இப்படி எழுதினால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு பல்லை வைத்துப் பெயர் சூட்டிய இனங்கள் நம் துறையில் எத்தனையோ இருக்கின்றன. நஸீமாவுக்கு வேலை கிடைக்கும். பெரியவருக்குப் பெயர் மிஞ்சும். அறையில் இருந்த மூன்று பேருக்கும் அதுதான் வேண்டும். எனக்கும்தான்.

அவள் லென்ஸில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் கருத்து என்னவென்று சொல்லியிருந்தால் அவள் அதைச் செய்திருப்பாள், அல்லது அதை எதிர்த்துச் செய்திருப்பாள். இரண்டுமே அவளுடைய முடிவாக இருந்திருக்காது.

"இல்ல சார்" என்றாள். "இந்தக் குடும்பத்துல வரிசை தப்பி ஒத்தப் பல்லு முளைக்கிறது உண்டு. வயசான மீன்ல அதிகமாவே உண்டு. இந்தப் பல்லு பூரா தேஞ்சிருக்கு, இது வயசான மீன். இது வரிசையோட கடைசிப் பல்லா, இல்ல தனியா முளைச்ச பல்லான்னு இந்தத் தாடையை மட்டும் பார்த்து என்னால சொல்ல முடியாது."

டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். "ஒரு பல்லு போதாதாம்மா?"

அவர் எங்களிடம் தனக்காக எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று கேட்டார். அவள் அவர் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"டாக்டர், இந்த ஒரு பல்லைப் பார்த்து நீங்க ஒரு வரிசையே கட்டினீங்க. அதே பல்லைப் பார்த்து நான் ஒரு இனத்தையே கட்டணும்ங்கறீங்க."

டாக்டர் பஞ்சில் இருந்த தன் பற்களை விரலால் ஒதுக்கி வரிசையாக வைத்தார். வைத்துவிட்டு, "எத்தனை இருந்தா போதும்?" என்று கேட்டார். பேரம் பேசும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இன்னொரு தாடை. அதே இடத்துல இதே மாதிரி பல்லு, இல்லாட்டி அது இருந்த தடம். அவ்வளவுதான் டாக்டர்."

"சுரங்கத்துல கிடைக்குமா?"

"கிடைக்கலாம்."

"சரி" என்றார். "அதுவரைக்கும் பேரு சும்மா கிடக்கட்டும்." எழுந்து நின்று, கிளம்பும் முன் அவள் தலையில் கை வைத்தார். புதன்கிழமை என்றால் அவள் தட்டிவிட்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

நஸீமா கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அதற்குப் பதில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினாள்: மூன்று வரிசைகள், ஒரு உடைந்த பல், பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட அக்ரிலிக் பற்கள், அவற்றைச் செய்தவர் யார், எப்படிக் கண்டுபிடிப்பது. சின்னதுதான். வருட முடிவில் அவள் வேலை முடிந்தது. இயக்குநர் இன்னும் ஒரு வருடம் நீட்டிக்க முயன்றார், முடியவில்லை. வேளச்சேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் சில வருடம் பாடம் எடுத்தாள். அந்தச் சமயத்தில் ஆதம்பாக்கத்தில் என் வீட்டுக்கு அடிக்கடி வருவாள், இந்தப் பேச்சை எடுக்க மாட்டாள். இப்போது வடக்கே ஒரு அருங்காட்சியகத்தில் இருக்கிறாள், மீன் பிரிவில்தான். நல்லதுக்கு நல்லது கிடைத்தது என்று இதை நான் சொல்லவில்லை. அந்த நடுவில் போன வருடங்கள் போனவைதான். தன்னிடம் இருந்த பல்லை எண்ணி, இல்லாததை எண்ணாமல் விட்டாள், அதற்கு உண்டான விலையையும் கொடுத்தாள். உங்களில் யாருக்காவது அந்த விலை அதிகமாகத் தோன்றினால், அது அதிகம்தான்.

டாக்டர் அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார். சாந்தோமில் அடக்கம். இயக்குநர், நஸீமா, நான் மூன்று பேரும் போயிருந்தோம்.

தாடை அலமாரியில் இருக்கிறது. குடும்பம் எது என்று போட்டிருக்கிறது. இனத்தின் பெயருக்கான இடம் காலி. வார்னிஷ் போன பிறகு அதன் நிறம் நல்ல கருப்பு, பார்க்க வேண்டிய ஒன்று. உங்களில் சிலரை இந்த வருடம் அரியலூருக்கு அனுப்பப் போவதாகக் கேள்விப்பட்டேன். சுண்ணாம்புக்கல்லில் மொச்சைக்கொட்டை மாதிரி ஏதாவது மினுங்கினால், அது கீழ்த்தாடையாக இருந்தால், வெளி விளிம்பின் பின்பக்க மூலையைப் பாருங்கள். அங்கே பல் இருந்தால் நஸீமாவுக்குச் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் சொல்லுங்கள்.